பேக்கப் இருக்கிறது, திரும்ப வருமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பேக்கப் எடுக்கும் முறைகளைச் சொல்லியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எடுத்து வைத்ததை ரீஸ்டோர் செய்யும் முன், அது நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? அவற்றில் எட்டுக்கு இங்கே பதில்.

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கரண்ட் போய் வந்த பிறகு டாலியில் கம்பெனி திறக்க மறுக்கிறது. பென் டிரைவில் சனிக்கிழமை எடுத்த பேக்கப் இருக்கிறது. அப்படியே ரீஸ்டோர் செய்துவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பழுதான கணக்கின் மேலேயே ரீஸ்டோர் செய்து, அந்தப் பேக்கப்பும் கெட்டதாக இருந்துவிட்டால் இரண்டையும் இழப்பீர்கள். பழுதாகிவிட்டது என்று நினைக்கிற அந்த ஃபோல்டருக்குள்தான் சனிக்கிழமைக்குப் பிறகு போட்ட பதிவுகள் இருக்கின்றன. ரிப்பேர் செய்தால் அவை மீண்டு வரவும் கூடும். ஆகவே எல்லாக் கணினிகளிலும் டாலியை மூடுங்கள். டேட்டா ஃபோல்டருக்குள் உங்கள் கம்பெனியின் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரை முழுதாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு அந்த நகலைத் தொடாதீர்கள்.

அடுத்து பென் டிரைவ். அதிலிருந்து நேராக ரீஸ்டோர் செய்ய வேண்டாம். முதலில் பேக்கப் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போதே பிழைச் செய்தி வந்தால் பழுது பென் டிரைவில் என்று அப்போதே தெரிந்துவிடும். ரீஸ்டோர் பாதியில் நின்று, அரைகுறையாக ஒரு கம்பெனி உருவாவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, எங்கே ரீஸ்டோர் செய்வது? டாலி கேட்கும் இடத்தில் வழக்கமான டேட்டா ஃபோல்டரைக் கொடுக்காமல், 'சோதனை' என்று புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதைக் கொடுங்கள். வேறு கணினியில் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தக் கணினியில் உள்ள டாலி, பேக்கப் எடுத்த ரிலீஸைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. புதிய ரிலீஸில் எழுதியதைப் பழையது திறக்காது. அதைப் பார்த்துவிட்டுப் பேக்கப் கெட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்து, நல்ல பேக்கப்பை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கம்பெனித் தரவைப் பூட்டும் டாலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதுவும் கையில் இருக்க வேண்டும். அது மறந்துபோனால் பேக்கப் முழுதாக இருந்தும் பயனில்லை.

கம்பெனி திறந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிக்கையில் எத்தனை லெட்ஜர், ஒவ்வொரு வகையிலும் எத்தனை வவுச்சர் என்று இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். டே புக்கில் சனிக்கிழமை கடைசியாகப் போட்ட பில் எண், கையில் உள்ள பில் நகலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ட்ரையல் பேலன்ஸ் இரு பக்கமும் சமமாக இருப்பதை மட்டும் நம்பக்கூடாது. ஒரு வவுச்சர் முழுதாகக் காணாமல் போனால் பற்றும் வரவும் சேர்ந்தேதான் போகும். ட்ரையல் பேலன்ஸ் அப்போதும் சமமாகத்தான் இருக்கும். அதனால் டாலிக்கு வெளியே உள்ள சாட்சியைக் கேளுங்கள். ஏற்கெனவே தாக்கல் செய்த மாதங்களின் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர அறிக்கை) தொகை ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிறது. மாதம் மாதமாக வரிக்குட்பட்ட மதிப்பையும் வரியையும் அதோடு ஒப்பிடுங்கள். சனிக்கிழமை மாலை வங்கி இருப்பை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் பொருந்தினால் தைரியமாக நம்பலாம்.

பொருந்தாவிட்டால் அதற்கு முந்தைய பேக்கப்பை எடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். பழுது சனிக்கிழமைக்கு முன்பே தொடங்கியிருந்தால், சனிக்கிழமைப் பேக்கப்பும் பழுதைத்தான் சுமந்துகொண்டிருக்கும். முந்தையது இல்லையா? ஒரே ஃபோல்டரில் தினமும் பேக்கப் எடுத்து, நேற்றையதை இன்றையது அழித்துக்கொண்டே வந்திருக்கும். இனி தேதி போட்டுத் தனித்தனி ஃபோல்டரில் எடுங்கள். ரிப்பேர் வசதியைப் பயன்படுத்துவதானால், ஒதுக்கி வைத்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து அதில் மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: மூல ஃபைலும் பேக்கப் ஃபைலும் பைட் கணக்கில் ஒரே சைஸ். பிறகு எதற்கு ஹேஷ், செக்சம் என்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: சைஸ் என்பது எத்தனை பைட் என்பதை மட்டும் சொல்லும், அந்த பைட்டுகள் என்ன என்பதைச் சொல்லாது. நகலெடுக்கும் நிரல்கள் பல, முதலில் முழு இடத்தையும் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் உள்ளே எழுதுகின்றன. நடுவில் கேபிளைப் பிடுங்கினால் சைஸ் சரியாக இருக்கும், உள்ளே பாதி வெறும் பூஜ்யமாக இருக்கும்.

ஹேஷ் என்பது ஃபைலின் எல்லா பைட்டுகளையும் படித்துக் கணக்கிடும் கைரேகை. செக்சம் என்பதும் இதே போன்ற சரிபார்ப்பு எண்தான். ஷா-256 முறையில் அது 64 எழுத்து-எண் கொண்ட வரியாக வரும். எம்டி5 முறையில் 32. ஒரே ஒரு பிட் மாறினாலும் வரி முழுக்க மாறிவிடும். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து, கெட்-ஃபைல்ஹேஷ் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைலை இழுத்து அந்தச் சாளரத்தில் போட்டு என்டர் தட்டினால் ஷா-256 வந்துவிடும். லினக்ஸில் ஷா256சம் கட்டளை. தற்செயலாக நேரும் கெடுதலைக் கண்டுபிடிக்க எம்டி5 போதும். யாராவது வேண்டுமென்றே மாற்றி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் போதாது. ஒரே எம்டி5 வரும் இரண்டு வெவ்வேறு ஃபைல்களை உருவாக்க முடியும் என்பது 2004-லேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஷா-1 2017-இல் அதே கதிக்கு ஆளானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஷா-256-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். நகலெடுத்த மறு நிமிடமே ஹேஷ் பார்த்தால், கணினி பெரும்பாலும் டிஸ்க்கைத் தொடாமல், ராம் நினைவகத்தில் இன்னும் இருக்கும் பிரதியைப் படித்துக் காட்டும். எல்லாம் சரி என்று வரும். டிஸ்க்கில் எழுதியது தவறாக இருந்தாலும் அப்படித்தான் வரும். எஜெக்ட் செய்து, கேபிளைக் கழற்றி, மீண்டும் செருகிய பிறகே சரிபாருங்கள். இன்னொன்று, ஹேஷ் எப்போது எடுத்தது என்பது. ஏற்கெனவே கெட்டுப்போன மூல ஃபைலுக்கு இன்று ஹேஷ் எடுத்து நகலோடு ஒப்பிட்டால், கெட்டது கெட்டதோடு ஒத்துப்போகிறது என்றுதான் தெரியவரும். பேக்கப் எடுக்கும் அன்றே ஹேஷ் பட்டியலை எழுதி, அதை வேறோர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பேக்கப் இருக்கும் அதே டிஸ்க்கில் பட்டியலும் இருந்தால், டிஸ்க் போகும்போது அதுவும் சேர்ந்து போகும்.

நேரக் கணக்கு: யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு 110 எம்பி படிக்க முடிந்தால் 1 டிபி-க்கு இரண்டரை மணி நேரம். அதையே பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 33 எம்பி அளவுதான் கிடைக்கும்; எட்டரை மணி நேரம் பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். கணினியும் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை அணைத்து வையுங்கள்.

கூடவே ஓர் எண்ணையும் நினைவில் வையுங்கள்: 4,294,967,295. பேக்கப் ஃபைல் சரியாக இத்தனை பைட்டில் நின்றிருந்தால் அது பாதி ஃபைல். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் அதற்கு மேல் வளராது. 64 ஜிபி என்று அச்சடித்த மலிவு பென் டிரைவில் 8 ஜிபி-க்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும் போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஜிப் ஃபைலைத் திறந்தால் உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன. அப்படியானால் நல்லது என்றுதானே அர்த்தம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. ஜிப்பில் பெயர்ப் பட்டியல் ஃபைலின் கடைசியில் தனியாக இருக்கிறது. திறக்கும்போது படிப்பது அதை மட்டும்தான். நடுவில் உள்ள சரக்கை யாரும் தொடுவதில்லை. 7-ஜிப்பில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொன்றையும் விரித்துப் படித்து, உள்ளே பதிந்திருக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக இருந்தால் பாஸ்வேர்டு சரிதானா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பல துண்டுகளாக வெட்டிய ஜிப்பில் ஒரு துண்டு இல்லாவிட்டாலும் டெஸ்ட் தேறாது. ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

கேள்வி: எங்கள் இலக்கிய இதழின் இணையதளம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இயங்குகிறது. சர்வர் மாற்றியபோது பேக்கப்பை ரீஸ்டோர் செய்தோம். ஆங்கிலம் சரியாக வந்தது. தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகள். பேக்கப்பே கெட்டதா, ரீஸ்டோர் செய்ததில் தவறா?
– வாசகர், மதுரை

பதில்: தமிழில் தளம் நடத்தும் பலர் வந்து மோதும் சுவர் இது. விடை பேக்கப் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கருவி எடுத்த ஃபைல் (டம்ப்) சாதாரண எழுத்து ஃபைல்தான். நோட்பேட்++ போன்ற எடிட்டரில் திறந்து, ஏதாவது ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

தமிழ் தமிழாகவே தெரிந்தால் பேக்கப் நல்லது, தவறு ரீஸ்டோரில். புதிய டேட்டாபேஸையும் இணைப்பையும் யூடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோடு குறியாக்கத்துக்கு அமைத்து மறுபடி ரீஸ்டோர் செய்யுங்கள். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' அடையாளமும் மாறி மாறி வந்தால், யூனிகோடு தமிழை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று தவறாகப் படித்து, திரும்பவும் யூடிஎஃப்-8 ஆக எழுதியிருக்கிறார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதை மீட்க முடியும். தவறு நடந்த திசைக்கு எதிர்த்திசையில் ஒரு முறை மாற்றினால் போதும். டம்ப் ஃபைலுக்குள்ளேயே கேள்விக்குறிகள் இருந்தால்தான் துயரம். ஒவ்வோர் எழுத்தும் உண்மையான கேள்விக்குறியாகவே மாறிவிட்டது. எந்த நிரலாலும் அதைத் தமிழாக்க முடியாது. பழைய சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து, அணைப்பதற்குள் சரியான எழுத்துக் குறியாக்கத்தோடு புதிய டம்ப் எடுங்கள்.

ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் லென்த் என்பது பைட் எண்ணிக்கை, கேர்_லென்த் என்பது எழுத்துக்குறி எண்ணிக்கை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறி. ஆகவே 15 பைட். கேள்விக்குறியாகிப் போயிருந்தால் 5 குறி, 5 பைட். இரட்டை மாற்றத்தில் சிக்கியிருந்தால் 15 குறி, 31 பைட். லென்த்தை கேர்_லென்த்தால் வகுத்தால் நல்ல தமிழ் 3-ஐ ஒட்டியும், இரட்டை மாற்றம் 2-ஐ ஒட்டியும், அழிந்தது 1 ஆகவும் வரும். இடைவெளியும் ஆங்கிலமும் கலந்த கட்டுரைகளில் விகிதம் சற்று இறங்கும். அதனால் அட்டவணையில் தலைப்புகள் உள்ள நெடுவரிசையில் சோதிப்பது நல்லது. ஒரே கட்டளையில் முழு அட்டவணையையும் இப்படி வடிகட்டிவிடலாம்.

தமிழுக்கு 3 பைட் போதுமே, எதற்கு எம்பி4 என்று கேட்பீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும். இமோஜிக்கு 4 பைட் வேண்டும். கெடுபிடி இல்லாத அமைப்பில் ஓடிய பழைய சர்வர்கள், இமோஜி வந்த இடத்தில் மீதி வரிகளை வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். வாசகர் கருத்துகள் பாதியில் நின்றிருந்தால் காரணம் இதுதான். 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண்களும் பழைய அளவைக் குறிகளும் 4 பைட் பகுதியில்தான் இருக்கின்றன. பழங்கணக்கு, கல்வெட்டு பற்றி எழுதும் இதழ்களுக்கு இது முக்கியம்.

ரீஸ்டோருக்கு முன் டம்ப் ஃபைலின் கடைசி வரியையும் பாருங்கள். இயல்பான அமைப்பில் எடுத்திருந்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு முடியும். அந்த வரி இல்லாவிட்டால் டம்ப் நடுவில் அறுந்திருக்கிறது. சுருக்கிய ஃபைல் வெறும் 20 பைட் என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை; காலியான உள்ளீட்டை ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலுக்குக் கொடுத்தால் அவ்வளவுதான் வரும். டம்ப் எடுத்து அதை நேராக ஜிஜிப்புக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்டில், டம்ப் தோற்றாலும் ஜிஜிப் ஜெயித்துவிடுவதால் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு வெற்றி என்றே செய்தி போகும். பேஷ் என்ற ஷெல்லுக்கான ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் அமைப்பைப் போட்டால் இந்த ஓட்டை அடைபடும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்குச் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் விருப்பத்தோடு எடுத்திருக்க வேண்டும். அதுவும் இல்லாமல், அட்டவணைகளைப் பூட்டாமலும் எடுத்திருந்தால் கட்டுரை ஒரு நிமிடத்தையும் அதன் கருத்துகள் அடுத்த நிமிடத்தையும் சேர்ந்தவையாக, ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்க வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பேக்கப் தினமும் தானாக நடக்கிறது. தோல்வி என்றால் மின்னஞ்சல் வரும். இதுவரை வந்ததே இல்லை. இதற்கு மேலும் சோதிக்க வேண்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: கட்டாயம் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. இரவில் ஒரு பழுதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் டம்ப் சேர வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் ஸ்கிரிப்ட் அழைத்ததோ 9.2 பதிப்பின் பிஜி_டம்ப். பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பியிருக்கின்றன; அவற்றுக்கு டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பு முறை அமைக்கப்படாததால் பெறும் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் எதுவும் வந்து சேரவில்லை, உங்களுக்கு வராதது போலவே. வேறொரு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) கடைசியில் கைகொடுத்தது. இடைப்பட்ட மணி நேரங்களின் தரவு போனது போனதுதான்.

ஆகவே 'தோல்வி' அஞ்சலை நம்பாமல், 'வெற்றி' அஞ்சலைத் தினமும் எதிர்பாருங்கள். அது வராத நாளில் போய்ப் பாருங்கள். அந்த அஞ்சலில் ஃபைலின் தேதி, சைஸ், உள்ளே உள்ள வரிசைகளின் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். நேற்றையதைவிட சைஸ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எச்சரிக்கை அடிக்கும்படி அமையுங்கள். மாதம் ஒரு முறையாவது, வேலையில் இல்லாத ஒரு கணினியில் முழுதாக ரீஸ்டோர் செய்து, அதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்றும் எழுதி வையுங்கள். கிட்லேப் தளம் திரும்ப எழுந்து நிற்கச் சுமார் 18 மணி நேரம் ஆனதற்கு, மெதுவான டிஸ்க்கிலிருந்து தரவை நகலெடுக்க வேண்டியிருந்ததே பெரிய காரணம்.

கருவிகளின் சொந்தச் சோதனைகளிலும் எது எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி கட்டளை, பேக்கப் ஃபைல் முழுதாக, படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே டேட்டாபேஸின் கட்டமைப்பு சரியா என்று பார்க்காது. அதற்கு ரீஸ்டோர் செய்த பிரதியில் செக்டிபி கட்டளையை ஓட்ட வேண்டும். பேக்கப் எடுக்கும்போது செக்சம் விருப்பத்தைப் போட்டிருந்தால்தான் வெரிஃபைஒன்லிக்கும் வலு. ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலில் வெறும் செக் கட்டளை பட்டியல்களையும் அமைப்பையும் மட்டும் சோதிக்கும். ரீட்-டேட்டா சேர்த்தால்தான் தரவையே படிக்கும். ரெபாசிட்டரி, அதாவது பேக்கப் சேரும் கிடங்கு, பெரிதாக இருந்தால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பிரித்துப் படிக்கவும் அதில் வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் பிஜி_வெரிஃபைபேக்கப் கூடவே வருகிறது. பிஜி_பேஸ்பேக்கப் எடுத்த நகலை அதன் செக்சம் பட்டியலோடு ஒப்பிடும்.

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 4 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில் கல்யாண ஆல்பங்கள். சில படங்கள் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வருகின்றன. மற்றவை நன்றாக உள்ளனவா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனியுங்கள். சி5-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் படிக்க முடியாத இடங்கள் உண்டாகியிருக்கின்றன. அந்த நிலையில் விண்டோஸின் பழுது பார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கில் அது எழுதத் தொடங்கி, மிச்சத்தையும் குலைத்துவிடக்கூடும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, சோதனையை அந்த நகலில் செய்யுங்கள். அது எளிதாக வரும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம்.

படங்களைத் தம்ப்நெயிலில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கேமரா எடுக்கும் ஜேபெக் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாக இன்னொரு படம் தனியே பதிந்திருக்கிறது. தம்ப்நெயில் காட்டும் நிரல்கள் பல அந்தச் சின்னப் படத்தைத்தான் காட்டும். பெரிய படம் பாதி அழிந்திருந்தாலும் சின்னது பளிச்சென்றே இருக்கும். ஜேபெக்இன்ஃபோ நிரலைச் சோதனை விருப்பத்தோடு ஃபோல்டர் முழுதும் ஓட்டினால் கெட்ட படங்களின் பெயரைத் தரும். வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக், வெளியீட்டை எங்கும் எழுதாமல் 'நல்' என்று கொடுத்து, பிழைகளை மட்டும் காட்டும்படி முழுதாக ஓடவிட வேண்டும். டிஎன்ஜி வடிவத்தில் சேமித்த 'ரா' (கேமராவின் பதப்படுத்தாத) படங்களை லைட்ரூமே சோதிக்கும், அந்த வடிவத்துக்குள் ஹேஷ் சேர்ந்தே வருவதால்.

அவசரத்துக்கு மாதிரி எடுத்துப் பார்ப்பதானால் கணக்கு இது: நூற்றுக்கு ஒரு படம் கெட்டிருந்தால், கண்ணை மூடி எடுத்த 300 படங்களில் ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு. ஆயிரத்துக்கு ஒன்று கெட்டிருந்தால் 3,000 படங்கள் பார்த்தால்தான் அதே உறுதி. முதல் ஃபோல்டரிலேயே 300-ஐயும் எடுக்காமல், டிஸ்க் முழுக்கப் பரவலாக எடுங்கள்.

ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விண்டோஸில் பெயர் 255 குறி வரை போகும். நாஸ் எனும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளில் உள்ள லினக்ஸில் 255 பைட்தான், அதாவது தமிழில் 85 குறி. 'ஸ்ரீ' ஒன்றுக்கே 12 பைட் போய்விடும். சைனாலஜி நிறுவன நாஸின் என்கிரிப்ட் செய்த ஃபோல்டரில் எல்லை இன்னும் கீழே, 143 பைட். தமிழில் 47 குறி. மணமகன், மணமகள், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்தால் எளிதாகத் தாண்டிவிடும். அந்த ஃபைல்கள் மட்டும் நகலாகாமல் நின்றுவிடும், செய்தி எங்கோ ஒரு லாக் ஃபைலில் இருக்கும். இரண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்க எளிய வழி. பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தவை என்றால், 'கொ' போன்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகப் பிரிந்து பதிவாகியிருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு பெயர். ஒப்பிடும் நிரல் 'காணவில்லை' என்று சொன்னால் பதறாமல் ஹேஷை ஒப்பிடுங்கள்.

கேள்வி: பள்ளி அலுவலகக் கணினியை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டிவிட்டது. வெளி டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறது. செருகி ரீஸ்டோர் செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தக் கணினியில் செருகவே செருகாதீர்கள், செருகிய சில நிமிடங்களில் பேக்கப்பையும் பூட்டிவிடும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, வேறு கணினியில் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் லைவ் பென் டிரைவ் போட்டு, வெளி டிஸ்க்கை எழுத முடியாதபடி படிப்பதற்கு மட்டும் இணைத்துப் பாருங்கள். பெயர்களின் கடைசியில் புதுமையான ஒட்டு இருக்கிறதா, பணம் கேட்கும் குறிப்பு ஃபைல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். சில எக்செல், சில பிடிஎஃப், சில படங்களைத் திறந்தே பாருங்கள்; பெயரை மாற்றாமல் உள்ளே மட்டும் பூட்டும் வகைகளும் உண்டு.

மாறியதை மட்டும் சேர்க்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பாக இருந்தால், இரவு வாரியான சைஸ் பட்டியல் நல்ல துப்புக் கொடுக்கும். பூட்டப்பட்ட ஃபைல் எல்லாமே மாறிய ஃபைல்; அதைச் சுருக்கவும் முடியாது. ஆகவே தினம் 200 எம்பி வந்த இடத்தில் ஓர் இரவு திடீரென்று 60 ஜிபி வந்திருந்தால், அன்று தொடங்கியிருக்கிறது. அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பூட்டிய நாளும் நுழைந்த நாளும் ஒன்றல்ல. உள்ளே வந்து வாரக்கணக்கில் பதுங்கியிருந்திருக்கலாம். அதனால் விண்டோஸைப் புதிதாக நிறுவி, பேக்கப்பிலிருந்து ஆவணங்களை மட்டும் எடுங்கள். நிரல்களையும் முழு சிஸ்டம் இமேஜையும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். மேக்ரோ உள்ள எக்செல் ஃபைல்களை ஸ்கேன் செய்த பிறகே திறங்கள்.

பூட்டிய டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள். 2016-இல் நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோப்போலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாதது பின்னால் வரலாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவியுங்கள். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

கேள்வி: போன் மாற்றப்போகிறேன். வாட்ஸ்அப் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க முடியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உள்ளே திறந்து பார்க்க வழியில்லை, சுற்றிலும் உள்ளதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் சாட் பேக்கப் பக்கத்தில் கடைசித் தேதியும் சைஸும் இருக்கும். தேதி பழையதாக இருந்தால் கூகுள் கணக்கின் இடம் நிரம்பிவிட்டதா பாருங்கள். 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த இலவச 15 ஜிபி-க்குள்தான் கணக்காகிறது. என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்க வேண்டும். நினைவில்லை என்றால் பழைய போன் திறந்திருக்கும் இப்போதே அந்த என்கிரிப்ஷனை அணைத்து, புதிதாகப் போட்டு, மறுபடி பேக்கப் எடுங்கள்.

புதிய போனில் அதே எண், அதே கூகுள் கணக்கு. நிறுவும்போது 'ரீஸ்டோர்' கேட்கும் இடத்தில் தவறித் தாண்டிவிட்டால், புதிய பேக்கப் ஏதும் ஓடுவதற்குள் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுங்கள். பழைய போனின் உள் சேமிப்பில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் டேட்டாபேசஸ் என்று ஒன்று இருக்கும். கடைசி ஏழு நாள் பேக்கப்புகள் வரை அதில் தங்கும். அதைக் கணினிக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டு, புதிய போனில் பழைய உரையாடல் ஒன்றின் முதல் செய்தி வரை மேலே தள்ளிப் பார்த்து, ஒரு பழைய குரல் பதிவையும் ஓடவிட்டுக் கேட்ட பிறகு பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.